‘அன்லிமிடெட்’ லைன் மாதம் 22-ஆம் தேதி படுத்துவிடுகிறது. இரவு 2 மணிக்கு என்ன நெரிசல்?

பவானி_தறி எழுதியது:

எங்கள் வீட்டுக்கும் பக்கத்தில் இருக்கும் தறிப் பட்டறைக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் லைன். 100 எம்.பி.பி.எஸ்., அன்லிமிடெட் என்று சொல்லித்தான் கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போனார். முதல் இரண்டு மாதம் குறை சொல்ல ஒன்றும் இல்லை. மூன்றாவது மாதத்திலிருந்து 22, 23-ஆம் தேதி வந்தால் போதும், லைன் நொண்ட ஆரம்பித்துவிடுகிறது. யூடியூப் சுற்றிக்கொண்டே இருக்கிறது. தங்கையின் ஆன்லைன் வகுப்பில் டீச்சர் வாய் திறந்தபடி உறைந்து நிற்கிறார்.

கஸ்டமர் கேரில் கேட்டால், “சார், உங்களுக்கு எஃப்.யு.பி., அதாவது நியாயமான பயன்பாட்டு வரம்பு, முடிந்துவிட்டது, 1000 ஜி.பி. தாண்டிவிட்டீர்கள்” என்றார்கள். அன்லிமிடெட் என்றுதானே சொன்னீர்கள் என்றேன். “அன்லிமிடெட்தான் சார், வேகம் மட்டும் குறையும். நெட்வொர்க்கில் நெரிசல் வராமல் எல்லோருக்கும் நியாயமாகக் கிடைக்க வேண்டும் இல்லையா?”

அதையும் நம்பினேன். நேற்று பட்டறையில் ராத்திரி ஷிஃப்ட். 2 மணிக்கு டீ குடிக்கும்போது சும்மா வேகம் பார்த்தேன். அப்போதும் அதே 1 எம்.பி.பி.எஸ். ஊரே தூங்குகிறது, தெருவில் எங்கள் தறிச் சத்தம் மட்டும்தான். அந்த நேரத்தில் யாருக்காக நான் வழிவிட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

ஒரு சின்னக் கணக்கு. 100 எம்.பி.பி.எஸ். லைனை 30 நாளும் முழு வேகத்தில் ஓட்டினால் சுமார் 32,400 ஜி.பி. வரும். உங்களுக்கு அனுமதித்தது 1000. முழு வேகத்தில் ஓட்டினால் 22 மணி நேரத்தில் தீர்ந்துவிடும். மாத வாடகைக்கு வீடு பிடித்தால், ஒரு நாள் கூட முழுதாக இருக்க விடாமல் மிச்ச நாளுக்குத் திண்ணையில் படுக்கச் சொல்வது மாதிரி.

யாரும் அப்படி ஓட்ட மாட்டார்கள் என்பது எனக்கும் தெரியும். ஆனால் விளம்பரத்தில் பெரிய எழுத்தில் வேகத்தைப் போட்டு விற்கிறார்கள், அளவை மட்டும் நட்சத்திரக் குறி போட்டுக் கீழே ஒளித்துவைக்கிறார்கள்.

மொபைலில் இது இன்னும் வேடிக்கை. நாளுக்கு 1.5 ஜி.பி. பேக்கை 100 எம்.பி.பி.எஸ். வேகத்தில் இழுத்தால் சரியாக இரண்டு நிமிடம். அதற்குப் பிறகு 64 கே.பி.பி.எஸ். அந்த வேகத்தில் 24 மணி நேரம் விடாமல் இழுத்தாலும் 700 எம்.பி. கூட வராது. இதற்குப் பெயர் அன்லிமிடெட்.

---

கம்பிவடம் எழுதியது:

பதினோரு வருடம் கோவையில் ஒரு சிறிய இணைய நிறுவனத்தில் நெட்வொர்க் பக்கம் இருந்தேன். இப்போது இல்லை, அதனால் கொஞ்சம் தாராளமாகவே பேசலாம்.

நெரிசல் என்பது பொய் இல்லை. உங்கள் தெருவுக்கு வரும் ஒரு ஃபைபர் இழை பெரும்பாலும் ஜி.பான் வகை. அதில் இறங்கும் மொத்தக் கொள்ளளவு சுமார் 2.5 ஜி.பி.பி.எஸ். கம்பத்தில் தொங்கும் ஸ்பிளிட்டர் அதை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிக்கிறது. 64 வீட்டுக்கும் 100 எம்.பி.பி.எஸ். விற்றிருந்தால் மொத்தம் 6.4 ஜி.பி.பி.எஸ். விற்றதாகக் கணக்கு. இருப்பது 2.5. இது மோசடி அல்ல. எல்லோரும் ஒரே விநாடியில் முழு வேகத்தில் இழுப்பதில்லை. ஊர் முழுக்க ஒரே நேரத்தில் குழாயைத் திறந்தால் மேல்நிலைத் தொட்டியும் தாங்காதுதானே.

ஆனால் நெரிசலுக்கு ஒரு நேரம் உண்டு. இரவு 8 முதல் 11 வரை. நாங்கள் மேலே இருக்கும் பெரிய நிறுவனத்திடம் அலைவரிசை (பேண்ட்விட்த்) வாங்கும்போதும் உச்சத்தைப் பார்த்துத்தான் பில் வரும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை அளந்து, மாதத்தின் மேல் 5 சதவீத அளவுகளைத் தள்ளிவிட்டு, அடுத்து நிற்கும் அளவுக்குக் காசு. அந்த உச்சத்துக்கு வாங்கிப் போட்ட குழாய் ராத்திரி 2 மணிக்கு முக்கால்வாசி காலியாகக் கிடக்கும். அப்போது நீங்கள் 50 ஜி.பி. இழுத்தால் எங்களுக்குக் கூடுதல் செலவு என்று சொல்லிக்கொள்ள ஒன்றுமே இல்லை. இன்னொன்று: யூடியூப், நெட்ஃபிளிக்ஸ் பார்ப்பதில் பெரும்பகுதி கடல் தாண்டி வருவதில்லை. கூகுளும் நெட்ஃபிளிக்ஸும் தங்கள் பெட்டிகளை இணைய நிறுவனங்களின் அறைக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். படம் அங்கிருந்துதான் உங்கள் வீட்டுக்கு வருகிறது.

ஆகவே நெரிசலைக் குறைப்பதுதான் நோக்கம் என்றால் இரவு 8 மணிக்கு மட்டும் கை வைக்க வேண்டும். மாத அளவுக்கும் நெரிசலுக்கும் சம்பந்தம் மிகக் குறைவு. 5-ஆம் தேதி இரவு 9 மணிக்கு நாலு டி.வி.யில் 4கே பார்ப்பவரை அது ஒன்றும் செய்யாது. 25-ஆம் தேதி அதிகாலையில் மென்பொருள் புதுப்பிக்கிறவரை மட்டும் பிடிக்கும்.

எங்கள் நிறுவனத்தில் வரம்பு வைத்ததற்கு ஒரு உண்மையான காரணமும் இருந்தது. ஒரு லைனை வாங்கி மொட்டை மாடியிலிருந்து நாலு வீட்டுக்கு வயர் இழுத்து, வீட்டுக்கு 200 ரூபாய் வசூல் செய்கிறவர்கள். அவர்களைப் பிடிக்க வைத்த வலை அது. பிறகு வியாபாரப் பிரிவுக்கு அந்த வலை ரொம்பப் பிடித்துப்போனது. வரம்பு தாண்டுகிறவர்களின் பட்டியலை மாதம்தோறும் அவர்கள்தான் வந்து வாங்கிக்கொண்டு போவார்கள், அடுத்த பிளானை விற்பதற்கு.

---

நெல்லைக்காரன் எழுதியது:

நீங்கள் எல்லோரும் சேர்ந்து ஒரே பக்கமாகப் பேசுகிறீர்கள். மின்சாரத்துக்கு யூனிட் கணக்கு இருக்கிறது. தண்ணீர் லாரிக்கு லிட்டர் கணக்கு. டேட்டாவுக்கு மட்டும் கணக்கு கூடாதா? கொஞ்சமாகப் பயன்படுத்துகிற என் மாதிரி ஆள், ராத்திரி பகலாக இழுக்கிற ஆளுக்காக ஏன் அதிகம் கொடுக்க வேண்டும்?

2016-க்கு முன்னால் ஒரு ஜி.பி.க்கு 250 ரூபாய் கொடுத்தவர்கள் நாம். மாதம் முழுக்க அந்த ஒரு ஜி.பி.யைப் பொத்திப் பொத்தி வைத்திருப்போம். இன்று உலகத்திலேயே டேட்டா மலிவாகக் கிடைக்கும் நாடுகளில் இதுவும் ஒன்று. இதற்கும் மேலே அழுவது ஆகாது அண்ணே.

---

பழையமோடம் எழுதியது:

நெல்லைத் தம்பி, மின்சார உவமை பார்க்க அழகாக இருக்கிறது. ஒரு யூனிட் கூடுதலாக எரித்தால் தூத்துக்குடி அனல் மின் நிலையத்தில் அதற்குரிய நிலக்கரி எரிய வேண்டும். ஒரு ஜி.பி. கூடுதலாக இறங்கினால் எங்கே எது எரிகிறது? நீங்கள் இழுத்தாலும் இழுக்காவிட்டாலும் ஃபைபரில் அந்த ஒளி மின்னிக்கொண்டேதான் இருக்கும்.

மின்வாரியத்தோடு ஒப்பிட்டால் ஒன்றை ஒப்பிடலாம். உயரழுத்த இணைப்பு உள்ள ஆலைகளுக்கு உச்ச நேரத்தில் கட்டணம் கூடுதல். அது நியாயம், காரணத்தோடு ஒட்டிய விலை.

இணையத்திலும் அப்படி ஒன்று இருந்தது, வயதானவர்களுக்கு நினைவிருக்கும். 2005-இல் பி.எஸ்.என்.எல். டேட்டாஒன் பிராட்பேண்ட் வந்தபோது மாதத்துக்கு எண்ணி ஒன்றிரண்டு ஜி.பி.தான். ஆனால் ‘ஹோம் 500’ பிளானில் இரவு 2 முதல் காலை 8 வரை கணக்கே கிடையாது. அலாரம் வைத்து 1.55-க்கு எழுந்து மோடத்தை அணைத்துப் போட்டு, சரியாக 2 மணிக்கு மேல் இணைப்போம். கொஞ்சம் முன்னால் இணைத்துவிட்டால் மொத்தமும் பகல் கணக்கில் ஏறிவிடுமோ என்று பயம். என் அப்பா, பையன் அதிகாலையில் எழுந்து படிக்கிறான் என்று பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்று வெளிநாட்டு அலைவரிசை உண்மையாகவே விலை உயர்ந்தது. அதனால் வரம்பு வைத்தார்கள். காலியாக இருக்கும் நேரத்தில் திறந்தும் விட்டார்கள். இன்று குழாய் பல மடங்கு பெரிதாகிவிட்டது. ஆனால் ராத்திரிக் கதவை அடைத்துவிட்டார்கள்.

---

தூரதேசி எழுதியது:

அமெரிக்காவில் இருபது வருடமாக இருக்கிறேன். இந்த நாடகத்தை இங்கே ஏற்கெனவே முழுதாக ஆடி முடித்துவிட்டார்கள், அதனால் கதை சொல்கிறேன்.

காம்காஸ்ட் என்பது இங்கே மிகப் பெரிய கேபிள் நிறுவனம். 2008 அக்டோபரில் மாதம் 250 ஜி.பி. என்று வரம்பு வைத்தார்கள். பிறகு சில ஊர்களில் 300, 2016-இல் 1 டி.பி. (சுமார் 1000 ஜி.பி.), 2020-இல் 1.2 டி.பி. தாண்டினால் ஒவ்வொரு 50 ஜி.பி.க்கும் 10 டாலர், அதிகபட்சம் மாதம் 100 டாலர். ஆரம்பத்தில் நெரிசல் என்ற பேச்சு நிறைய இருந்தது. 2013 ஜனவரியில் கேபிள் நிறுவனங்களின் சங்கத் தலைவரே, மைக்கேல் பவல் என்பவர், ஒரு கூட்டத்தில் இது நெரிசலைப் பற்றியதல்ல, பெரிய நிலையான முதலீட்டை எப்படிக் காசாக்குவது என்பதைப் பற்றியது என்று ஒப்புக்கொண்டார். அவர் யாரோ எவரோ அல்ல, தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி.யின் முன்னாள் தலைவர். 2015-இல் காம்காஸ்டின் உள்சுற்று ஆவணம் ஒன்று கசிந்தது. வாடிக்கையாளரிடம் பேசும் ஊழியர்கள் நெரிசல் மேலாண்மை என்ற வார்த்தையைச் சொல்லக் கூடாது, ஏனென்றால் இது அதற்கானதல்ல என்று அதிலேயே எழுதியிருந்தது.

அதைவிட எனக்குப் பிடித்தது வரைபடம். வெரைசனின் ஃபைபர் போட்டிக்கு நிற்கிற வடகிழக்கு மாநிலங்களில் காம்காஸ்ட் பல வருடம் வரம்பை அமல்படுத்தவே இல்லை. நெரிசல் என்ன, ஊர் பார்த்தா வருகிறது?

2020 மார்ச்சில் கொரோனா. நாடே வீட்டுக்குள். வரலாற்றிலேயே இணையம் மிக அதிகமாகப் புழங்கிய மாதங்கள் அவை. அப்போதுதான் வரம்பு கட்டாயம் வேண்டியிருந்திருக்கும், இல்லையா? அப்போதுதான் அதை நிறுத்திவைத்தார்கள். நெட்வொர்க் தாங்கியது. ஜூலை 1-ஆம் தேதி மறுபடியும் வரம்பு வந்தது. கடைசியில் 2025 ஜூனில் புதிய பிளான்களில் எடுத்தே விட்டார்கள். டவரிலிருந்து வீட்டு இணையம் கொடுக்கும் மொபைல் நிறுவனங்களிடம் வாடிக்கையாளர்களை இழந்துகொண்டிருந்த நேரம் அது.

---

யாழ்வாசி எழுதியது:

இங்கே இலங்கையில் பழையமோடம் ஐயா சொன்ன ராத்திரிக் கணக்கு நெடுங்காலம் இருந்தது. பக்கேஜில் பகலுக்கு ஒரு பங்கு, இரவு 12-இலிருந்து காலை 8 வரைக்கு ஒரு பங்கு. கொம்பனி விளம்பரத்தில் இரண்டையும் கூட்டிப் பெரிய எண்ணாகப் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகிற பிள்ளை விடியப்புறம் 3 மணிக்கு எழும்பியா படிக்கிறது?

அதோடு பேஸ்புக், யூடியூப் மாதிரி குறித்த செயலிகளுக்கு மட்டும் தனிப் பக்கேஜ். ரீலோட் பண்ணினால் அதற்குள் சுற்றலாம், வெளியே ஒரு செய்தித் தளத்தைத் திறந்தால் காசு. என் மாமிக்கு இணையம் என்றால் பேஸ்புக்தான். வேறு ஒன்று இருக்கிறது என்று சொன்னால், அதற்கு டேட்டா வெட்டுமே தம்பி என்கிறார்.

---

மின்மினி எழுதியது:

யாழ்வாசி சொன்னதை இந்தியாவில் ஒரு தடவை தடுத்தோம். 2015 ஏப்ரலில், சில செயலிகளுக்கு மட்டும் டேட்டா கட்டணம் இல்லை என்ற ஏர்டெல் ஜீரோ, அதே வருடக் கடைசியில் ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ். ஏழைகளுக்கு இலவச இணையம் என்று பக்கம் பக்கமாக விளம்பரம். உள்ளே போய்ப் பார்த்தால் அவர்கள் அனுமதித்த சில தளங்கள் மட்டும். பத்து லட்சத்துக்கும் மேல் மின்னஞ்சல்கள் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்குப் போயின. 2016 பிப்ரவரி 8-ஆம் தேதி, எந்தத் தளத்தைப் பார்க்கிறோம் என்பதை வைத்து வேறு வேறு விலை போடக் கூடாது என்று டிராய் விதி கொண்டுவந்தது. அப்போது நான் கல்லூரியில். விடுதியில் ஆளாளுக்கு மெயில் அனுப்பிவிட்டு, அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் போட்டது ஞாபகம் இருக்கிறது.

ஆனால் வாசலைக் காத்த நேரத்தில் கொல்லைப்புறம் போய்விட்டது. அதே வருடம் செப்டம்பரில் ஜியோ வந்தது. அடுத்த மார்ச் வரை எல்லாம் இலவசம். நெல்லைக்காரன் சொல்கிற மலிவு அப்போது வந்ததுதான், மறுக்கவில்லை. அதோடு என்ன போனது என்றும் எண்ணிப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் பிறந்து வளர்ந்த ஏர்செல் 2018 பிப்ரவரியில் திவால் மனு போட்டது. சிக்னல் இல்லாமல் போர்ட் எண் வாங்க ஜனம் கடைக்குக் கடை அலைந்தது. டோகோமோ, டெலினார், ரிலையன்ஸ் கம்யூனிகேஷன்ஸ் எல்லாம் வரிசையாகப் போயின. வோடஃபோனும் ஐடியாவும் ஒன்றாகியும் நிமிரவில்லை. இன்று அதில் பாதிக்கு ஒரு இழை குறைவாக அரசே பங்கு வைத்திருக்கிறது.

பிறகு என்ன? 2019 டிசம்பர், 2021 நவம்பர், 2024 ஜூலை. ஒரு நிறுவனம் விலை ஏற்றினால் சில நாளில் மற்றவையும் ஏற்றின. 28 நாளை மாதம் என்று சொல்லி வருடத்துக்கு 13 ரீசார்ஜ். 30 நாள் பேக் ஒன்றாவது வையுங்கள் என்று 2022 ஜனவரியில் டிராய் உத்தரவு போட வேண்டியிருந்தது. பட்டன் போன் வைத்திருக்கும் என் அம்மாவுக்குப் பேசுவதற்கு மட்டும் ஒரு பேக் கேட்டால், அதிலும் டேட்டாவைச் சேர்த்தே விற்றார்கள். 2024 டிசம்பரில் டிராய் சொன்ன பிறகுதான் குரல் மட்டும் உள்ள பேக்குகள் வந்தன. ஒரு பக்கம் டேட்டா பற்றாக்குறை என்கிறார்கள், இன்னொரு பக்கம் வேண்டாம் என்கிறவர் தலையில் கட்டுகிறார்கள்.

இன்னும் ஒன்று, இதைக் கேட்டுவிட்டு நெரிசல் கதையைச் சொல்லட்டும். 5ஜி வந்த புதிதில் சாதாரண 1.5 ஜி.பி. பேக் போட்டிருந்தாலே 5ஜி அளவில்லாமல் கிடைத்தது. 2024 ஜூலை விலை உயர்வோடு ஜியோவும் ஏர்டெலும் அதை நாளுக்கு 2 ஜி.பி. மற்றும் அதற்கு மேலான பேக்குகளுக்கு மட்டும் என்று மாற்றின. டவர் அதே டவர், போன் அதே போன். நெரிசல்தான் கவலை என்றால், அதிகம் கொடுத்தவரை மட்டும் அளவே இல்லாமல் விடுவார்களா?

---

நெல்லைக்காரன் எழுதியது:

கடைசிப் பத்திக்கு என்னிடம் பதில் இல்லை, ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் 2022 அலைக்கற்றை ஏலத்தில் மட்டும் 1.5 லட்சம் கோடி ரூபாய்க்கு ஏலம் போயிருக்கிறது. அந்தக் காசை எங்கிருந்து எடுப்பார்கள்? லாபம் வேண்டும் என்று நேராகச் சொல்லி விலை ஏற்றினால் நான் குறை சொல்ல மாட்டேன். கடைக்காரர் விலை ஏற்றுவது அவர் இஷ்டம். எனக்கு எரிச்சல், நியாயமான பயன்பாடு என்று பெயர் வைத்து நம்மைக் குற்றவாளி மாதிரி நடத்துவது.

அப்புறம் அந்த 5ஜி. அலைக்கற்றை விற்ற நேரத்தில் டாக்டர் சென்னையில் இருந்துகொண்டே கிராமத்து நோயாளிக்கு ரோபோ வைத்து அறுவை சிகிச்சை செய்வார் என்றார்கள். எங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் டாக்டரே வாரத்தில் சில நாள்தான். 5ஜி வந்து என் வாழ்க்கையில் நடந்த ஒரே மாற்றம், கிரிக்கெட் ஸ்கோர் போன் பேட்டரியைச் சீக்கிரம் தின்கிறது.

---

கம்பிவடம் எழுதியது:

நெல்லைக்காரன், நேராகச் சொல்லிவிட்டால் கேள்வி வந்துவிடுமே. விலை என்று சொன்னால் போட்டி, டிராய், நுகர்வோர் நீதிமன்றம் என்று பேச்சு போகும். தொழில்நுட்பக் காரணம் என்று சொன்னால், நமக்குப் புரியாது என்று பாதிப் பேர் வாயை மூடிக்கொள்வார்கள். பதினோரு வருடத்தில் நான் எழுதிக் கொடுத்த எத்தனையோ விளக்கக் கடிதங்கள் இதற்குத்தான் பயன்பட்டன.

ஸ்பீடு டெஸ்ட் பற்றியும் ஒரு வார்த்தை. பல செயலிகள் பக்கத்திலிருக்கும் சர்வரைத்தான் தேர்ந்தெடுக்கும். அது பெரும்பாலும் உங்கள் இணைய நிறுவனத்தின் அறைக்குள்ளேயே இருக்கும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை வரை ஓடிக்காட்டி, மதுரை வரை இதே வேகம் என்று சொல்வது மாதிரி. வேறு ஊரில் இருக்கும் சர்வரைத் தேர்ந்தெடுத்தும் ஒரு தடவை பாருங்கள்.

அடுத்து வருவது ‘நியாயமான பங்கு’. நெட்ஃபிளிக்ஸ், யூடியூப் எங்கள் குழாயை நிரப்புகின்றன, அதனால் அவையும் எங்களுக்குக் காசு தர வேண்டும் என்று நம் ஊர் தொலைத்தொடர்பு நிறுவனங்களின் சங்கம் கேட்டுக்கொண்டிருக்கிறது. அந்தப் படத்தைக் கேட்டு இழுப்பதே நீங்கள்தான். அதற்கு நீங்கள் ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள். தென் கொரியா இந்த வழியில் போனது. நெட்வொர்க் கட்டணம் கட்டுப்படி ஆகவில்லை என்று, விளையாட்டுகளை நேரலையில் காட்டும் ட்விட்ச் தளம் 2024 பிப்ரவரியில் அந்த நாட்டை விட்டே வெளியேறியது.

பவானி தம்பி, பேச்சில் உங்களை மறந்துவிட்டோம். பட்டறையில் கேமரா இருக்கிறதா? மேலே ஏறும் டேட்டாவும் அந்த 1000-இல் சேரும்.

---

பவானி_தறி எழுதியது:

இருக்கிறது அண்ணா. இரண்டு கேமரா. நூல் திருட்டுப் போகிறது என்று போன தீபாவளிக்கு மாட்டினோம். 24 மணி நேரமும் கிளவுடில் ஏற்றிக்கொண்டிருக்கிறது. வேகம் குறைய ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான், இப்போதுதான் உறைக்கிறது.

---

கணக்குப்பிள்ளை எழுதியது:

கேமராவுக்கு 1 எம்.பி.பி.எஸ். என்று வைத்தால் ஒன்றுக்கு நாளுக்கு 10.8 ஜி.பி. இரண்டுக்கும் மாதம் 648. ஆளில்லாத பட்டறையின் சுவரைப் படம் பிடித்து ஏற்றியே உங்கள் வரம்பில் பாதிக்கு மேல் போகிறது.

---

கம்பிவடம் எழுதியது:

அசைவு தெரிந்தால் மட்டும் பதிவு செய் என்று மாற்றுங்கள். தறி ஓடும் நேரத்தில் அசைவு இருந்துகொண்டேதான் இருக்கும், அதனால் உள்ளே ஒரு மெமரி கார்டு போட்டு அதில் பதியவிட்டு, பூட்டிய பிறகு மட்டும் கிளவுடுக்கு அனுப்புங்கள். டிராய் 2012-இலேயே, வரம்பு எவ்வளவு, தாண்டினால் வேகம் எவ்வளவு என்பதை இணைய நிறுவனங்கள் தெளிவாக வெளியிட வேண்டும் என்று உத்தரவு போட்டிருக்கிறது. 2016-இல் வீட்டு பிராட்பேண்டில் 512 கே.பி.பி.எஸ்.க்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் சொன்னது. உங்களுக்கு 1 எம்.பி.பி.எஸ். வருவதால் அதில் பிடிக்க முடியாது. எழுதிக் கொடுக்காமல் ‘அன்லிமிடெட்’ என்று வாயால் சொல்லி விற்றதை எழுத்தில் கேளுங்கள்.

---

பவானி_தறி எழுதியது:

எழுத்தில் கேட்டேன். பதில் வரவில்லை, ஆள் வந்தார். 200 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால் அடுத்த பிளான், அதில் வரம்பு மூன்று மடங்கு என்றார். தங்கைக்குத் தேர்வு நேரம், சரி என்று போட்டுவிட்டேன்.

வயர் மாற்றவில்லை. பெட்டி மாற்றவில்லை. கம்பத்தில் ஏறவும் இல்லை. திண்ணையில் உட்கார்ந்து போனில் ஏதோ தட்டினார். மோர் குடித்து முடிப்பதற்குள் 94 எம்.பி.பி.எஸ். காட்டியது. நேரம் இரவு 8.40. கம்பிவடம் அண்ணா சொன்ன அதே உச்ச நேரம்.

“நெரிசல் என்ன ஆச்சு?” என்று கேட்டேன். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தார்.

---

நெல்லைக்காரன் எழுதியது:

தம்பி, அந்த மெமரி கார்டு எத்தனை ஜி.பி. போட்டீர்கள்? எங்கள் கடையிலும் ஒரு கேமரா இருக்கிறது, இன்று மாலை முதல் வேலை அதுதான்.